நிரந்தரப் பணியில் ஒரு நத்தை

பொறாமைப்படுவதற்கும் ஒரு தராதரம் வேண்டும் என்று என் மனைவி சொல்வாள். அவளுடைய அக்கா வீட்டுக்காரர், அதாவது என் சகலை, மாடி வீடு கட்டியபோது நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதை அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சகலையைப் பார்த்து வயிறெரிவது எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். ஆனால் இப்போது எனக்கு வயிறெரிவது ஒரு நத்தையைப் பார்த்து. இதை அக்கம்பக்கத்தில் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்குக் கூச்சம் போய் ஆறு மாதம் ஆகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது இயற்கைவழிப் பொறியியல் நிறுவனத்தில். மரம், எலும்பு, கொம்பு, மூங்கில், கிளிஞ்சல் என்று இயற்கை செய்து வைத்திருக்கிற பொருள்களை எவ்வளவு இழுத்தால் அறும், எவ்வளவு அழுத்தினால் நொறுங்கும் என்று பார்த்து, அதே மாதிரி மனிதனும் செய்வதற்கு வழி சொல்கிற இடம். பார்ப்பது விஞ்ஞானிகள். இழுப்பதும் அழுத்துவதும் நான். என் அறையில் ஆளுயரத்துக்கு ஓர் எந்திரம் இருக்கிறது. மேலே ஒரு தாடை, கீழே ஒரு தாடை. நடுவில் பொருளை வைத்துப் பிடியை முடுக்கி, பொத்தானை அழுத்தினால், அது உடைகிற நேரத்தில் எவ்வளவு தாங்கியது என்று காட்டும். அதை நோட்டில் எழுதிக் கொடுப்பேன். அதனால் எனக்கு 'உடைப்பண்ணன்' என்று பெயர்.

பதினான்கு வருடமாக உடைக்கிறேன். பதினான்கு வருடமும் தற்காலிகம். பதினோரு மாதம் வேலை, ஒரு நாள் நீக்கம், மறுபடி பதினோரு மாதம். நீக்கப்பட்ட அந்த ஒரு நாளும் வந்துவிடுவேன், எந்திரத்துக்கு எண்ணெய் விட வேறு ஆள் கிடையாது. அன்றைக்கு மட்டும் வாயிற்காவலர் என்னைப் பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்வார். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் 'எந்திரம்' என்று எழுதுவேன். 'என்ன உறவு' என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவேன்.

'சோதனைத் தொழில்நுட்பர்' என்று நிறுவனத்தில் ஒரே ஒரு நிரந்தர இடம் உண்டு. நான் சேர்ந்த நாளிலிருந்து அது காலி. அது உனக்குத்தான் என்று வந்த இயக்குநர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வயது நாற்பத்தெட்டு. அறுபதில் ஓய்வு. அந்த இடம் கிடைத்தால் பன்னிரண்டு வருடமாவது நிரந்தர மனிதனாக வாழலாம் என்பதுதான் என் கணக்கு.

நிறுவனத்தின் நடைமுறைகளைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கட்டடமே கரையான் புற்றைப் பார்த்துக் கட்டியது. கரையான் புற்று உள்ளே குளுகுளுவென்று இருக்குமாம், காற்று நுழைந்து வெளியேறத் துளைகள் வைத்திருக்கும். எங்கள் கட்டடத்தில் மழைத்தண்ணீர் வரும் என்று துளைகளை மட்டும் பூசி அடைத்துவிட்டார்கள். ஜன்னலும் கிடையாது, கரையான் ஜன்னல் வைப்பதில்லை. உள்ளே நாங்கள் அவிந்துகொண்டிருப்போம். அறிவிப்புப் பலகை பல்லியின் காலைப் பார்த்துச் செய்தது. பசையோ ஊசியோ இல்லாமல் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் எல்லா அறிவிப்பும் தரையில் கிடக்கும். நாங்கள் குனிந்து படிப்போம். அதைப் பார்த்த இயக்குநர், "இங்க எல்லாரும் உத்தரவை எவ்ளோ பணிவா படிக்கிறாங்க பாருங்க" என்று வந்த விருந்தாளிகளிடம் பெருமைப்பட்டார்.

காலை ஒன்பது மணிக்கு உறுதிமொழி. "நான் சுயமாக எதையும் யோசிக்க மாட்டேன். இயற்கை ஏற்கெனவே யோசித்ததையே யோசிப்பேன்." அதற்குப் பிறகு இருபது நிமிடம் உந்துதல் நேரம். ஆளுக்கொரு இலை, இறகு, ஓடு எதையாவது முன்னால் வைத்துப் பேசாமல் உட்கார்ந்து உந்துதல் பெற வேண்டும். உந்துதல் வந்தால் மூன்று படிகளில் படிவம் நிரப்ப வேண்டும். அதனால் யாருக்கும் வருவதில்லை.

இந்த இடத்துக்குத்தான் அந்த நத்தை வந்தது.

சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஈரச்சுவரில் ஊர்ந்துகொண்டிருந்ததை எடுத்துவந்தது ஓடு மேடம். ஓடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற விஞ்ஞானி, நல்ல பெண், என்னிடம் மரியாதையாகப் பேசுகிற ஒரே ஆள். நத்தை என் கைமுட்டி அளவு இருந்தது.

"அண்ணே, சுண்ணாம்புக்கட்டிய விரலால உடைச்சிரலாம்ல?"

"பொடியாவே ஆக்கிரலாம் மேடம்."

"இந்த ஓடும் அதே சுண்ணாம்புதான். ஆனா அவ்ளோ லேசுல உடையாது. ஏன்னா இது தகடு தகடா அடுக்கி, நடுவுல துளி துளியா பசை வச்சுக் கட்டியிருக்கு. விரிசல் விட்டா நேரா ஓட முடியாது. ஒவ்வொரு தகட்டுலயும் முட்டி, திரும்பி, சுத்தி, அலைஞ்சு அலைஞ்சு பாதியிலயே நின்னுரும்."

"நம்ம ஆபீஸ்ல கோப்பு போற மாதிரியா?"

"அதே மாதிரிதான்ணே" என்று சிரித்தார்.

நத்தை உயிரோடு இருக்கும்போதே, அதற்கு வலிக்காமல், ஓட்டை லேசாக அழுத்தி உறுதியைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். அதைப் பிடித்து வைக்க ரப்பர் பிடி ஒன்று தயார்செய்யச் சொன்னார். செய்தேன். மறுநாள் மதியம் அளவு சரியாக இருக்கிறதா என்று நத்தையை வைத்துப் பிடியை முடுக்கிக்கொண்டிருந்தபோது மனைவியிடமிருந்து போன். ஒரு கையில் போன், ஒரு கையில் திருகு. அரைச்சுற்றில் நிறுத்தவேண்டியதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். 'மொறுக்' என்றது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓடு உள்ளே அமுங்கிவிட்டது. நத்தை நுரை தள்ளிக்கொண்டு உள்ளே போனது.

தரையில் தினமும் படிக்கிற அறிவிப்புகளில் ஒன்று, 'உயிருள்ள மூலத்துக்குச் சேதம் விளைவிக்கும் தற்காலிகப் பணியாளரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படமாட்டாது' என்பது. மூலம் என்று எங்கள் நிறுவனத்தில் சொல்வது உந்துதல் தருகிற உயிரை.

உடைப்பது என் தொழில். ஆனால் ஒட்டவும் எனக்குத் தெரியும். கதவைச் சாத்தினேன். அமுங்கின துண்டைக் குண்டூசியால் நெம்பி நிமிர்த்தினேன். இரண்டு குழாயில் வருகிற பசையைக் கலந்து, உடம்பில் படாமல், மெல்லிய தூரிகையால் தடவினேன். கேண்டீனிலிருந்து கைதுடைக்க எடுத்துவந்த டிஷ்யூ காகிதம் சட்டைப்பையில் இருந்தது. அதை வெட்டி மூன்று அடுக்கு வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் பசை தடவி, மேலே பழைய ஓடு ஒன்றை அரத்தால் ராவிய பொடியைத் தூவினேன். மேசை விசிறியில் காயவைத்தேன். அது நத்தையா, ஒட்டுப் போட்ட நத்தையா என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் காலை அது அரை வெள்ளரிக்காயைத் தின்றிருந்தது. அந்த நிம்மதியை வாழ்க்கையில் இரண்டு தடவைதான் அனுபவித்திருக்கிறேன். முதல் தடவை என் மகள் பிறந்தபோது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கே சோதனை. ஓட்டில் எந்த இடம் தட்டையாக இருக்கிறதோ அங்கேதான் எந்திரத்தின் முனை நிற்கும். இருந்ததிலேயே தட்டையான இடம் நான் ஒட்டின இடம். பொத்தானை அழுத்தினேன். மேடம் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணே, எந்திரம் சரியாதானே இருக்கு?"

"எந்திரம் சரியா இருக்கு மேடம்." அது உண்மைதான்.

மூன்று தடவை செய்தோம். மூன்று தடவையும் வழக்கமான ஓட்டைப் போல ஒன்பது மடங்கு. மேடம் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. "பதினோரு வருசம்ணே. பதினோரு வருசமா ஓட்டப் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் இயக்குநருக்குப் போன் போட்டுவிட்டார்.

அதன் பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. எங்கள் நிறுவனத்தில் எதுவும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

ஒட்டின இடத்திலிருந்து ஒரு துணுக்கைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நீள நீளமான இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தன. அதற்கு மேல், சம இடைவெளியில், ஐந்து இதழ் வைத்த சின்னச் சின்னப் பூக்கள் புடைத்துக்கொண்டிருந்தன. எனக்கு அந்தப் பூ பழக்கம். தினமும் சாப்பிட்ட பிறகு அதில்தான் வாய் துடைப்பேன். 'நத்தை ஓட்டில் மலர்வடிவ விசைப்பகிர்வு' என்று அறிக்கை வந்தது. பசையைச் சோதித்ததில் ஏதோ அபூர்வமான பிசின் என்று வந்தது. இதை நத்தை எதைத் தின்று சுரக்கிறது என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு வெள்ளரிக்காயைச் சந்தேகித்தது.

இயக்குநர் எல்லாரையும் கூட்டிப் பேசினார். "ஒரு ஓட்டுக்குள்ள பூ! யாரு வச்சா? எதுக்கு வச்சா? நமக்குத் தெரியாது. தெரியாதுங்கறதுதான் நம்ம நிறுவனத்தோட பலம். தெரிஞ்சுபோச்சுன்னா நம்மள எதுக்கு வச்சிருக்கப் போறாங்க?"

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நத்தைக்குத் தனி அறை கொடுத்தார்கள். கரையான் புற்றில் குளிர்சாதனம் வைத்த ஒரே அறை அதுதான். மேலிருந்து பூந்தூறல் மாதிரி தண்ணீர் தெளிக்க ஏற்பாடு. வாசலில் பித்தளைப் பலகை. நான் பதினான்கு வருடமாக எந்தப் பலகையிலும் இல்லை. காலை உறுதிமொழிக்குப் பிறகு எல்லாரும் அந்த அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்து உந்துதல் பெற வேண்டும் என்று உத்தரவு. நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். அது உள்ளே சாரலில் நனைந்துகொண்டு, ஒரு கொம்பை மட்டும் நீட்டி, என்ன வேண்டும் என்கிற மாதிரிப் பார்க்கும். அவர்கள் அண்ணாந்து பார்த்து வாய்பிளந்தது என் கைவேலையை. கும்பிடு போட்டது அதன் மூஞ்சிக்கு. சகலை வீட்டு மாடியில் நான் ஒரு செங்கல்கூட எடுத்துவைத்ததில்லை, அதனால் அந்த வயிற்றெரிச்சல் ஒரு வாரத்தில் அடங்கியது. இது அடங்கவில்லை.

இதற்கிடையில் அந்த ஓட்டைப் பார்த்துத் தலைக்கவசம் செய்ய ஒரு பொறியாளர் கூட்டம் வேலை செய்தது. சுண்ணாம்பை வடித்து, வெள்ளரிச்சாற்றில் ஊறவைத்து, பூ அச்சில் அழுத்தி மாதிரிகளை அனுப்புவார்கள். நான் எந்திரத்தில் வைப்பேன். பொத்தானைத் தொடுவதற்குள் முட்டை ஓட்டைப் போல நொறுங்கும். ஒருநாள் அவர்கள் எல்லாரும் சேர்ந்து, "உடைப்பண்ணே, உங்க எந்திரத்துக்கு இயற்கை மேல ஏதோ கோவம் இருக்கு" என்றார்கள். எந்திரத்துக்கு இருந்ததா என்று தெரியாது.

ஒரு நாள் நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். விதிகளைத் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய மனிதர். சிரித்துப் பார்த்தவர் கிடையாது.

"உடைப்பு, ஒரு சிக்கல். ஊழியரோ பார்வையாளரோ இல்லாத யாரும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வளாகத்துல தங்கக் கூடாது. விதி நாற்பத்திரெண்டு. நத்தை மூணு மாசமா தங்குது."

"வீட்டுக்கு அனுப்பிரலாமே சார்."

"அது வீட்டோடதானப்பா வந்திருக்கு. பார்வையாளர்னு எழுதலாம்னு பாத்தா, பார்வையாளர் ஒரு நாளைக்கு மேல கூடாது. அதனால ஊழியரா எடுத்துர்றதுன்னு இயக்குநர் முடிவு பண்ணிட்டாரு. நிரந்தரமா."

"எந்த இடத்துல சார்?"

"காலியா இருக்கிறது ஒரு இடந்தானே" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "யோசிச்சுப் பாரு, சோதனைக்கு உடம்ப குடுக்கிறது அதுதானே. நீ வெறுமனே பொத்தான அமுக்குற" என்றார்.

நத்தையைப் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், பணிப்பதிவேடு நிரப்புகிற அன்று அதைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் மேசைக்கு முன்னால் நின்றதும் நான்தான். என் இடத்துக்கு அதை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

"நிரந்தர முகவரி?"

"முதுகுல சார்."

"'உடன் எடுத்துச் செல்லப்படுகிறது'னு போட்டுக்கறேன். ஆணா, பெண்ணா?"

ஓடு மேடத்தைக் கேட்டோம். நத்தை இரண்டும்தான் என்றார். கண்காணிப்பாளர் வெகுநேரம் யோசித்தார். "விதியில ஏதாவது ஒண்ணுன்னு எங்கயும் இல்ல" என்று இரண்டு கட்டத்திலும் குறி போட்டார். "அப்ப மகப்பேறு விடுப்பும் உண்டு, தகப்பன் விடுப்பும் உண்டு. குடுத்துவச்ச பிறவி."

கைரேகைக்கு அதைத் தாளில் ஊரவிட்டோம். பளபளவென்று ஒரு கோடு போட்டது. "என்ன ஒரு தெளிவான கையெழுத்து" என்று அவரே வியந்துபோனார்.

"சார், இது வெயில் காலத்துல மூணு மாசம் ஓட்டுக்குள்ள போய்த் தூங்கிருமாம்."

"உள்முக ஆராய்ச்சி விடுப்பு. சம்பளத்தோட."

"எனக்குப் போன வருசம் காய்ச்சல்னு ரெண்டு நாள் லீவு கேட்டேன் சார்."

"உனக்குக் காய்ச்சல் இயற்கையா வந்துச்சுன்னு சான்றிதழ் குடுக்கலயேப்பா."

பணியேற்பு விழாவில் இயக்குநர் பேசியதை மறக்கவே முடியாது. "முப்பது வருசமா நிர்வாகத்துல இருக்கேன். எனக்கு ஒரு குரு இல்லையேன்னு ஏங்கியிருக்கேன். இன்னிக்கு கெடச்சிட்டாரு. இவரு எதையும் அவசரப்பட்டுச் செய்யறதில்ல. போன வழியில பசையா ஒரு தடயம் விட்டுட்டுப் போறாரு, அடுத்து வர்றவன் வழுக்கி விழட்டும்னு. பிரச்சினைன்னு வந்தா உள்ள போயிடறாரு. நானும் இதையேதான் பண்ணியிருக்கேன். அவருக்கு ஓடு. எனக்குக் கமிட்டி."

அன்று மாலை எனக்கு ஒரு கடிதம் வந்தது. நிரந்தர இடம் நிரப்பப்பட்டுவிட்டதால், அந்த இடத்துக்காக வைத்திருந்த தற்காலிகப் பணியாளரின் தேவை இம்மாத இறுதியோடு முடிகிறது.

வீட்டில் மனைவியிடம் கடிதத்தை நீட்டினேன். அவள் ஒரு செருப்புக்கடையில் வேலை பார்க்கிறாள், பகல் முழுக்க நின்றே இருப்பாள். கால்களை வெந்நீரில் வைத்தபடி படித்தாள்.

"அப்ப நத்தைய எடுத்துட்டு உங்கள அனுப்பறாங்க."

"ம்."

"உங்களுக்கு மேல அதுக்கு என்னங்க தகுதி?"

அப்போதுதான் ஒட்டின கதையை முதல் தடவையாகச் சொன்னேன். அவள் காலை வெளியே எடுத்துவிட்டாள்.

"பூவு?"

"டிஷ்யூ."

"அந்தப் பிசினு?"

"ரெண்டு குழாய் பசை."

"நத்தை என்னதான் பண்ணுச்சு?"

"வெள்ளரிக்காய் தின்னுச்சு."

அவள் சிரித்தாள். பிறகு அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். "நம்ம வீட்டு பாத்ரூம் வாளி ஆறு மாசமா ஒழுகுது. அத ஒட்டித் தரச் சொன்னா நேரமில்ல. நத்தைக்குப் போய் ஒட்டிட்டு வந்திருக்கீங்க. நேரா போய்ச் சொல்லுங்க."

"சொன்னா சேதம் பண்ணிட்டேன்னு வேலை போயிரும்."

"சொல்லலன்னா இருக்குதா?"

விடிந்ததும் மனு எழுதினேன். ஒன்பது மடங்கு உறுதி நத்தையுடையது அல்ல, என்னுடையது, ஆகவே அந்த இடத்தை எனக்குத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

விசாரணை தேன்கூட்டைப் பார்த்துச் செய்த அறுகோண மேசையில் நடந்தது. அந்த மேசையில் ஒருவர் இன்னொருவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் கால் முட்டும். இயக்குநர், கண்காணிப்பாளர், ஓடு மேடம் மூன்று பேர். நான் ஒரு காலி ஓடு, பசை, டிஷ்யூ எல்லாம் கொண்டுபோயிருந்தேன். அவர்கள் பார்க்க ஓட்டை உடைத்தேன். அவர்கள் பார்க்க ஒட்டினேன். காயும்வரை காத்திருந்தோம். எந்திர அறைக்குக் கூட்டிப்போய்ப் பொத்தானை அழுத்தினேன். பதினோரு மடங்கு. இந்தத் தடவை பயமில்லாமல் ஒட்டினேன், அதனால் ஒன்பதுக்கு மேல் இரண்டு.

மேசைக்குத் திரும்பியதும் ஓடு மேடம் டிஷ்யூவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐந்து இதழை விரலால் தொட்டார்.

"ஏண்ணே அன்னிக்கே சொல்லல?"

"நீங்க அழுதீங்க மேடம்."

அவர் டிஷ்யூவை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு இயக்குநரிடம், "சார், இவர் சொல்றது நிஜம். அறிக்கைய நான் திரும்ப வாங்கிக்கறேன். பாராட்டவேண்டியது இவரத்தான்" என்றார். பதினான்கு வருடத்தில் எனக்காக ஒருவர் பேசினார் என்றால் அது அன்றைக்குத்தான்.

இயக்குநர் கமிட்டிக்குள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். அந்த மூன்று பேர்தான் கமிட்டி என்பதால் போக இடமில்லை. தொண்டையைச் செருமினார்.

"பாராட்டலாம்மா. தாராளமா பாராட்டலாம். ஆனா ஒரு மனுசன் சுயமா யோசிச்சு, பசையும் காகிதமும் வச்சு ஒண்ணு பண்ணிட்டான்னு நாம வெளிய சொன்னா, அப்பறம் இது என்ன நிறுவனம்? பஞ்சர் கடை. உடைப்பு, உன்னையே கேக்கறேன். ஒட்டணும்னு ஏன் தோணுச்சு?"

"உடைஞ்சுபோச்சு சார்."

"எது உடைஞ்சுது?"

"நத்தை சார்."

"அது உடையலன்னா ஒட்டியிருப்பியா?"

"எதுக்கு சார் ஒட்டப்போறேன்?"

"எழுதிக்கங்க" என்றார் கண்காணிப்பாளரிடம். "தானே உடைஞ்சு காட்டி, ஒரு கடைநிலைப் பணியாளருக்கு நத்தை உந்துதல் குடுத்திருக்கு. உலகத்துல எந்த நத்தையும் இவ்ளோ பெரிய தியாகம் பண்ணதில்ல. பதவி உயர்வு குடுக்கணும்."

"சார், அது உடையல. நான் உடைச்சேன்" என்றேன்.

"அப்ப சேதம்" என்றார் கண்காணிப்பாளர். "எது வேணும்னு நீயே சொல்லு. அது உடைஞ்சு உனக்கு உந்துதல் குடுத்துச்சா, இல்ல நீ உடைச்சு அதுக்குச் சேதம் பண்ணியா?"

நான் ஓடு மேடத்தைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்துதல்தான் சார்" என்றேன்.

அறிக்கை அப்படியே நின்றது. தலைக்கவசத்தைப் பசையும் டிஷ்யூவும் வைத்துச் செய்தார்கள், உடையவே இல்லை. பூவை எடுத்துவிடலாம், அதனால் ஒரு பயனும் இல்லை என்று சொன்னேன். இயற்கையின் கையெழுத்தில் கைவைக்கக் கூடாது என்றார்கள். இப்போது தீயணைப்புக்காரர்கள் பூப்போட்ட தொப்பியோடுதான் நெருப்புக்குள் போகிறார்கள். உள்பக்கம் நத்தைப் படம் பொறித்திருக்கிறது.

என் விஷயத்துக்குக் கண்காணிப்பாளர்தான் வழி கண்டுபிடித்தார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தது என் தப்பு.

"உடைப்பு, வேற இடம் இல்ல. ஆனா விதி எழுபத்தொண்ணு இருக்கு. நிரந்தர ஊழியர் பணியில இருக்கும்போதே இறந்துட்டா, அவரோட வாரிசுக்குக் கருணை அடிப்படையில அதே இடம். நத்தையோட பதிவேட்டுல வாரிசுன்ற கட்டம் காலியா இருக்கு."

"நான் எப்படி சார் நத்தைக்கு வாரிசு?"

"ரத்த சம்பந்தம் வேணும்னு விதியில இல்லப்பா. அது சம்மதிச்சாப் போதும்."

நத்தையைக் கொண்டுவந்து என் பெயர் எழுதின தாளில் விட்டார்கள். அது போகவில்லை. ஒரு வெள்ளரித் துண்டை என் பெயருக்கு அந்தப் பக்கம் வைத்தோம். நாற்பது நிமிடத்தில் சம்மதித்தது.

அந்த இடம் காலியாகும்வரைக்கும் என்னை நத்தையின் பராமரிப்பாளராகத் தற்காலிகமாக வைத்துக்கொண்டார்கள். பதினோரு மாதம், ஒரு நாள் நீக்கம், மறுபடி பதினோரு மாதம். கடிதத்தோடு வீட்டுக்குப் போனேன். மனைவி இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப அது செத்தா உங்களுக்கு வேலை."

"ஆமா."

"நீங்கதான் அத சாகாம பாத்துக்கணும்."

"ஆமா."

"நத்தை எத்தன வருசங்க இருக்கும்?"

நான் ஏற்கெனவே ஓடு மேடத்திடம் கேட்டிருந்தேன். இதற்கு இப்போது இரண்டு வயது இருக்கும், இந்த ஜாதி நன்றாகப் பராமரித்தால் பதினைந்து வயதுவரை போகும் என்றார். அப்படியானால் இன்னும் பதிமூன்று. எனக்கு ஓய்வுக்கு இன்னும் பன்னிரண்டு. மனைவி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எந்த விரலில் வந்து நின்றது என்று தெரியவில்லை, கையை மடக்கிக்கொண்டாள்.

"நல்லா பராமரிக்காட்டி?" என்று மெல்லக் கேட்டாள்.

"சேதம்" என்றேன்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் நான் வேலைக்குக் கிளம்பும்போது டப்பாவில் எனக்குச் சாப்பாடு வைக்கிறவள், இப்போதெல்லாம் அதற்கென்று நறுக்கின வெள்ளரிக்காயைத் தனியாக வைக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "வயசாயிட்டே இருக்கு, பாவம், கொஞ்சம் கெட்டியான துண்டா குடுத்துப் பாருங்க" என்றாள்.

குளிர்ந்த அறையில் எனக்கு நாற்காலி கிடையாது. நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கெட்டியான துண்டுகளையும் கரகரவென்று தின்கிறது. காலையும் மாலையும் உடல்நிலைப் பதிவேட்டில் நான் எழுத வேண்டும். நேற்று மாலையும் எழுதினேன். கொம்பு நீட்டல்: இரண்டும் சரி. தீனி: மிச்சம் இல்லை. ஓடு: மிக உறுதி. கடைசியில் 'கூடுதல் குறிப்பு' என்று ஒரு கட்டம். பொய் எழுத எனக்கு வராது. அது கண்ணாடியில் ஏறி என் மூக்குக்கு நேராக வந்து நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'நாளுக்கு நாள் இளமையாகத் தெரிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.